நேபாளமா, மலேசியாவா, யாழ்ப்பாணமா? வடசென்னை வாலிபர் குழுவுக்கு ஓர் ஒப்பீடு

ராயபுரமோ பெரம்பூரோ வியாசர்பாடியோ, சபை வாலிபர் ஐக்கியத்தில் "இந்த வருஷம் வெளிநாட்டு ஊழியம் போலாமா?" என்று ஒருவர் ஆரம்பித்தால் மூன்று பெயர்கள் அடிபடும்: நேபாளம், மலேசியா, இலங்கை. பிறகு பேச்சு டிக்கெட் விலைக்குத் தாவி அங்கேயே சிக்கிக்கொள்ளும். விலை கடைசியில் பார்க்க வேண்டியது. அந்த ஊரில் நம் வாய்க்கு என்ன வேலை, கைக்கு என்ன வேலை, இரண்டுக்கும் அந்த நாட்டுச் சட்டம் எவ்வளவு இடம் கொடுக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இங்கே கணக்குக்கு எடுத்துக்கொண்டது 12 பேர், 10 நாள். கல்லூரிப் பிள்ளைகள், ஐ.டி.ஐ. முடித்தவர்கள், காசிமேட்டில் வேலைக்குப் போகிறவர்கள் கலந்த குழு. பாதிப் பேரிடம் பாஸ்போர்ட் கிடையாது.

காகித வேலையில் நேபாளம்தான் எளிது. இந்தியருக்கு விசா வேண்டாம். விமானத்தில் போனால் பாஸ்போர்ட் அல்லது தேர்தல் ஆணைய வாக்காளர் அட்டை போதும். ஆனால் ஆதாரை நம்பிப் போய் கவுன்டரில் நிற்கிறவர்கள் உண்டு. 15 வயதுக்குக் கீழும் 65க்கு மேலும் உள்ளவர்களுக்கு மட்டும்தான் ஆதார் செல்லும். வாலிபர் குழுவில் அந்த வயதில் யார் இருக்கப் போகிறார்கள்? இலங்கைக்கும் மலேசியாவுக்கும் ஆறு மாதமாவது மிச்சம் உள்ள பாஸ்போர்ட் வேண்டும். புதிதாக எடுக்க 36 பக்கப் புத்தகத்துக்குக் கட்டணம் 1,500 ரூபாய், தட்கலில் இன்னும் 2,000. அமைந்தகரை சேவா மையத்தில் நாள் கிடைத்துவிடும். காலதாமதம் ஆவது போலீஸ் விசாரணையில். வாடகை வீடு மாறி ஆதாரில் பழைய முகவரி இருந்தால் அங்கேதான் முட்டும். முதலில் ஆதாரைத் திருத்துங்கள், பிறகு விண்ணப்பம்.

பத்தாவது முடிக்காத பிள்ளைகளின் பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர். முத்திரை இருக்கும்; சில நாடுகளுக்கு வேலைக்குப் போகுமுன் அரசு அனுமதி வேண்டும் என்பதற்கான குறி அது. அந்தப் பட்டியலில் உள்ள 18 நாடுகளில் மலேசியாவும் ஒன்று. வேலைக்குப் போனால்தான் அனுமதி வேண்டும், சுற்றிப் பார்க்கப் போனால் வேண்டாம். ஆனாலும் மீனம்பாக்கம் இமிக்ரேஷனில் கேள்வி வரும். திரும்பும் டிக்கெட், தங்கும் இடத்தின் கடிதம் இரண்டையும் அந்தப் பையன் கையிலேயே கொடுத்து வையுங்கள், தலைவர் பையில் அல்ல. நேபாளமும் இலங்கையும் அந்தப் பட்டியலில் இல்லை.

நேபாளத்தில் காகிதம் எளிது, சட்டம் கடினம். 2015 அரசியல் சாசனத்தின் 26ஆம் பிரிவே மதம் மாற்றுவதைத் தடுக்கிறது. 2018 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டத்தின் 158ஆம் பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறை, 50,000 நேபாள ரூபாய் வரை அபராதம். வெளிநாட்டவர் என்றால் தண்டனை முடிந்ததும் நாடு கடத்தல். கைப்பிரதி, தெருமுனைப் பாட்டு, பஜாரில் பொம்மலாட்டம் என்று இங்கே எண்ணூரில் செய்கிற எதையும் அங்கே செய்யக்கூடாது. அதைவிடப் பெரிய விஷயம், நீங்கள் பத்தாம் நாள் கிளம்பிவிடுவீர்கள். வழக்கு உங்களை அழைத்த உள்ளூர்ப் போதகர் தலையில் விழும். அவர் "வெளியே வேண்டாம்" என்றால் வேண்டாம்தான். அதை விசுவாசக் குறைவு என்று ஜெபக்கூட்டத்தில் பேசுகிற ஆள் குழுவில் இருந்தால், அவரை அந்த வருஷம் வீட்டில் விட்டுவிட்டுப் போவது நல்லது.

அங்கே வார விடுமுறை சனிக்கிழமை, ஆராதனையும் சனிக்கிழமைதான். 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கம் சனிக்கிழமை, முற்பகல் 11.56க்கு வந்தது, பல சபைகளில் மக்கள் ஆராதனையில் இருந்தபோது. பயண அட்டவணை போடுகிறவர் ஞாயிறை மையமாக வைத்துப் போட்டால் உள்ளூர்ச் சபையைப் பார்க்காமலேயே திரும்ப நேரும். மொழி இன்னொரு சுவர். தராய் சமவெளியில் இந்தி ஓடும், மலைக்கிராமங்களில் நேபாளிதான். இந்தியே தட்டுத்தடுமாறும் குழுவுக்கு ஒவ்வொரு வாக்கியமும் மொழிபெயர்ப்பாளர் வழியாகப் போக வேண்டும். அரை மணி நேரக் கதை ஒரு மணி நேரமாகும், பிள்ளைகள் எழுந்து ஓடும். ஆகவே அங்கே வாய்க்கு வேலை குறைவு, கைக்குத்தான் வேலை.

தரைவழி போகிறவர்கள் கோரக்பூர் வரை ரயில், அங்கிருந்து சுனௌலி எல்லைக்கு நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதற்குப் பிறகு காத்மாண்டுவுக்கு மலைப்பாதை. ஜூன் முதல் செப்டம்பர் வரை மண்சரிவில் சாலை அடைபடும். மே மாதத்துக்குள் போய்த் திரும்புவதுதான் உத்தமம். பணம்: இந்திய 100 ரூபாய்க்கு நேபாள 160 என்பது நிலையான விகிதம். சில்லறை 100 ரூபாய் நோட்டுகளாகக் கொண்டுபோங்கள், 500ஐ நீட்டிப் பழகாதீர்கள்.

மலேசியா பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. 2023 டிசம்பர் 1 முதல் இந்தியருக்கு 30 நாள் விசா இல்லா அனுமதி; 2026 டிசம்பர் 31 வரை நீட்டித்திருக்கிறார்கள். கிளம்புவதற்கு மூன்று நாளுக்குள் டிஜிட்டல் வருகை அட்டை நிரப்ப வேண்டும். தமிழ் மெதடிஸ்ட், லூத்தரன் சபைகள் நூறாண்டுக்கு மேல் வேரூன்றியவை. வரவேற்பு தடபுடலாக இருக்கும், சாப்பாடும் அப்படியே. மேடைப் பிரசங்கத்துக்குச் சுற்றுலா அனுமதி போதாது, அழைக்கும் சபைதான் தொழில்முறை வருகை அனுமதிச் சீட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். முஸ்லிம்களிடையே பிற மதம் பரப்புவதை மாநிலங்கள் கட்டுப்படுத்தலாம் என்று அரசியல் சாசனத்தின் 11(4) பிரிவே சொல்கிறது. நம் குழு தமிழ்ச் சபைக்குள்ளேயே சுற்றுவதால் அது உரசுவதில்லை. பிரச்சினை வேறு: அங்கே நம் கைக்கு வேலையே இல்லை. வசதியான சபைக்குப் போய் நாலு பாட்டுப் பாடி, மீதி நாள் கோலாலம்பூர் கடைத்தெருவில் கழிப்பதை ஊழியப் பயணம் என்று காணிக்கைக் கவர் கொடுத்த பாட்டியிடம் சொல்ல முடியுமா? இரட்டைக் கோபுரம் பார்க்க ஆசையென்றால் சொந்தக் காசில் போகலாம், தப்பில்லை. சதுர மூன்று பின் பிளக் அடாப்டரை மட்டும் பர்மா பஜாரில் வாங்கிக்கொள்ளுங்கள்.

யாழ்ப்பாணத்துக்கு வருவோம். சி.எஸ்.ஐ. பிள்ளைகள் பலருக்கே தெரியாத விஷயம்: யாழ்ப்பாண ஆதீனம் (நம் ஊரில் பேராயம் என்கிறோமே, அதுதான்) தென்னிந்தியத் திருச்சபையின் ஆதீனங்களில் ஒன்று. கடல் தாண்டினாலும் அதே சபை, அதே ஒழுங்கு, அதே மொழி. அழைப்புக் கடிதம் ஆதீன அலுவலகம் வழியாகவே வரும். முன்பின் தெரியாத ஊழியக்காரரை முகநூலில் பிடிக்கத் தேவையில்லை. இன்னொன்றையும் நினைவில் வைத்துப் போக வேண்டும். அமெரிக்க மிஷன் அங்கே 1816இலேயே இறங்கியது. மிரன் வின்ஸ்லோவும் டாக்டர் ஜான் ஸ்கடரும் 1836இல் அங்கிருந்துதான் மதராசுக்கு வந்தார்கள். நமக்கு மிஷனரி அனுப்பிய ஊருக்கு நாம் மிஷனரியாகப் போகிறோம் என்று பீற்றிக்கொண்டால் சிரிப்பார்கள்.

போகும் வழி இரண்டு. சென்னையிலிருந்து யாழ்ப்பாண விமான நிலையமான பலாலிக்குச் சிறு விமானம்; அல்லது நாகப்பட்டினம் – காங்கேசன்துறை கப்பல், ஏறக்குறைய நாலு மணி நேரம். கப்பல் வடகிழக்குப் பருவத்தில் நின்றுவிடும், நவம்பர் டிசம்பரில் அதை நம்பாதீர்கள். சிறு விமானத்தில் லக்கேஜ் இடம் குறைவு. விபிஎஸ் (விடுமுறை வேதாகமப் பள்ளி) சாமான், கீபோர்டு, பொம்மைப் பெட்டி எல்லாவற்றையும் கட்டுவதற்கு முன் டிக்கெட்டில் எத்தனை கிலோ என்று பாருங்கள். சார்ட், கலர், பசை அங்கேயே வாங்கலாம். புறப்படும் முன்பே இ.டி.ஏ. என்ற மின்னணுப் பயண அனுமதி எடுக்க வேண்டும். அரசுத் தளத்தைப் போலவே தோன்றும் ஏஜென்ட் தளங்கள் கூடுதலாகக் கறக்கும். சுற்றுலா அனுமதி மேடை ஊழியத்துக்கு அல்ல. பிரசங்கத்தை அங்குள்ள ஆயரிடம் விட்டுவிட்டு, பிள்ளைகள் ஊழியத்திலும் வேலையிலும் அவர்களுக்குக் கீழே நிற்க என்ன அனுமதி வேண்டும் என்று அழைக்கும் ஆதீனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

மொழி ஒன்றுதான், ஆனால் ஒன்றேதான் என்று நினைத்தால் சறுக்கும். நாம் பேசுவதை அவர்கள் 'கதைப்பார்கள்', நமக்கு அழகு அவர்களுக்கு 'வடிவு'. பொம்மலாட்ட வசனத்தில் "இன்னாபா", "கலாய்ச்சிட்டான்" எல்லாம் எடுத்துவிட்டு, கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே பொதுத்தமிழில் எழுதிப் பழகுங்கள். சினிமா வழியாக நம் பேச்சு அவர்களுக்குப் புரியும். அதைக் கேட்கும் விதம்தான் வேறு.

காசிமேட்டுப் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு சொல். வடபகுதி மீனவரிடம் "நாங்களும் கடற்காரர்" என்று உறவு கொண்டாடத் தோன்றும். தமிழ்நாட்டு இழுவைப்படகுகள் தங்கள் வலையை அறுக்கின்றன, கடலடியை வாரிப் போகின்றன என்பது அவர்களுடைய நீண்ட காலக் குமுறல். 2017இல் அந்த முறையை இலங்கை சட்டமாகவே தடை செய்தது. காசிமேட்டு விசைப்படகு பாக் நீரிணைக்குப் போவதில்லை என்று வாதாட ஆரம்பிக்காதீர்கள். கேளுங்கள், அது போதும். புலிச்சின்னம் போட்ட டி-சர்ட், போன் வால்பேப்பர், ஸ்டிக்கர் எதுவும் வேண்டாம். அங்கே அது வேடிக்கை அல்ல, கைது. ராணுவ முகாமைப் படம் பிடிக்கக்கூடாது, அனுமதியில்லாமல் ட்ரோன் பறக்கவிடக்கூடாது.

கைவேலையில் எங்கேயும் நடக்கும் தவறு ஒன்றுதான். சுவருக்குப் பெயின்ட் அடிக்க 12 பேர் கடல் கடந்து போவது. அந்தச் சுவரை உள்ளூர்ப் பெயின்டர் கூலிக்கு அடித்திருப்பார். நாம் அவர் பிழைப்பைக் கெடுத்துப் படம் எடுத்துக்கொள்கிறோம். அங்கே ஆள் இல்லாத வேலையா என்று முன்கூட்டியே கேளுங்கள். வயரிங், வெல்டிங் தெரிந்த ஐ.டி.ஐ. பிள்ளைகள் உள்ளூர் மேஸ்திரிக்குக் கையாளாக நின்றால் அது உதவி. ஃபைபர் போட் ஒட்டத் தெரிந்தவர் இருந்தால் அங்குள்ள இளைஞருக்குக் காட்டிக்கொடுக்கலாம். ரெசினும் ஹார்ட்னரும் விமானத்தில் ஏறாது, அங்கேதான் வாங்க வேண்டும். ரெசினில் கோபால்ட்டை முழுதாகக் கலக்கிய பிறகுதான் ஹார்ட்னர். கோபால்ட்டும் ஹார்ட்னரும் நேராகச் சேர்ந்தால் வெடிக்கும்.

2025 நவம்பர் இறுதியில் தித்வா புயல் இலங்கையின் மலையகத்தில் மண்சரிவுகளைக் கொண்டுவந்தது. அங்கே போக விரும்பும் குழுவுக்கு வேலை நிறைய இருக்கிறது, ஆனால் தோட்டத் தொழிலாளரின் லயன் வீடுகளுக்குள் புகுந்து படம் எடுக்காத ஒழுக்கமும் ஸ்வெட்டரும் வேண்டும். நுவரெலியா 1,800 மீட்டருக்கு மேல். மே மாதம் தென்மேற்கு மழை அங்கே ஆரம்பித்துவிடும். யாழ்ப்பாணத்தில் அப்போது நம் ஊர் வெயில்தான்.

பணக் கணக்கு: வெளிநாட்டுக்குப் பணம் எடுத்துப் போகும் எல்.ஆர்.எஸ். வசதி தனி ஆளுக்குத்தான், டிரஸ்டுக்குக் கிடையாது. காணிக்கையைச் சபைக் கணக்கில் திரட்டி அங்கிருந்து நேரே அனுப்பப் போனால் வங்கி நிறுத்திவிடும். ஒவ்வொருவரும் தன் பான் அட்டையில் மாற்றிக்கொள்ள வேண்டும். மொத்தத்தில் பதினைந்து சதவீதத்தைத் தனியே ஒதுக்கி, ஆஸ்பத்திரிக்கும் மாற்று டிக்கெட்டுக்கும் மட்டும் தொடுங்கள். 18க்குக் கீழ் யாராவது வந்தால் தாய் தகப்பன் இருவர் கையெழுத்திட்ட நோட்டரி கடிதம் வேண்டும், பெண்பிள்ளைகள் இருந்தால் பெண் தலைவர் கட்டாயம்.

முதல் முறை போகும் குழு என்றால் யாழ்ப்பாணம். மே மாதம் போக வேண்டுமானால் பாஸ்போர்ட் விண்ணப்பம் நவம்பரிலேயே போயிருக்க வேண்டும். டிசம்பரில் கிறிஸ்துமஸ் நாடகமும் கேரல் ரவுண்டும் முடிகிற வரை வாலிபர் ஐக்கியத்தில் யாரும் எதற்கும் கிடைக்கமாட்டார்கள்.