சிமெண்ட் தளத்தின்மேல் உயர்பாத்தி: நிற்காத மண்மட்டம்

வீட்டின் பின்புறம் முழுவதும் சிமெண்ட் போட்டுவிட்ட நண்பர் ஒருவர், அதன்மேலேயே மரச்சட்டம் அடித்து, மண் நிரப்பி, காய்கறி போடலாமா என்று கேட்டிருந்தார். அதே போன்ற தரையில் 240 செ.மீ. நீளம், 120 செ.மீ. அகலம், 45 செ.மீ. உயரம் கொண்ட ஒரு பாத்தியைச் சில ஆண்டுகளாகப் பராமரித்து வருவதால், அவருக்குச் சொன்னதைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறேன். பலகை தேர்வதும், மண்ணின் அழுத்தத்தில் நடுப்பகுதி பிதுங்காமலிருக்கக் குறுக்குக்கட்டை கொடுப்பதும், தளத்தின் சரிவுப் பக்கம் நீர் வெளியேற இடைவெளி விடுவதும் பலரும் அறிந்தவையே. என் பாத்தியில் இவை எவையும் தொல்லை தரவில்லை. என்னை விடாமல் அலைக்கழிப்பது ஒன்றே ஒன்றுதான்: நிரப்பிய மண், நிரப்பிய மட்டத்தில் நிற்பதில்லை.

பலகையின் விளிம்புவரை நிரப்பிய மண்கலவை முதல் சில வாரங்களிலேயே இறங்கிவிடும். நீரின் கனத்தால் காற்றிடைவெளிகள் அடைபடுவதே அதற்குக் காரணம் என்பதால் அதை யாரும் குறை சொல்ல முடியாது. அதன் பிறகு நிகழ்வதுதான் உண்மையான இறக்கம். கலவையிலுள்ள மட்கிய உரம், இலைதழை, தென்னைநார்க் கழிவு ஆகிய அனைத்தையும் நுண்ணுயிர்கள் வெவ்வேறு வேகத்தில் தின்று தீர்க்கின்றன. அவற்றின் பெரும்பகுதி கரியமிலவாயுவாகக் காற்றில் கலந்துவிடுகிறது. நீங்கள் பாடுபட்டுச் சுமந்து வந்து கொட்டியது கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துபோகிறது. என் பாத்தியின் பரப்பு 2.88 ச.மீ. என்பதால், ஒரு செ.மீ. இறங்கினால் ஏறத்தாழ 29 லிட்டர் கலவை குறைகிறது என்று பொருள், பத்து செ.மீ. இறங்கினால் 288 லிட்டர். உட்பலகையில் பழைய மட்டம் இருந்த இடத்தில் உப்பு படிந்து வெள்ளைக் கோடாக நிற்கிறது. அந்தக் கோட்டுக்கும் இன்றைய மண்ணுக்கும் நடுவே என் உள்ளங்கை தாராளமாகப் புகும்.

வெறும் நிலத்தின்மீது அமைத்த பாத்தியில் இது பெரிய இழப்பன்று. மேலே மட்டம் குறைந்தாலும் வேர்கள் கீழே நிலத்துக்குள் இறங்கிக்கொள்ளும். மண்புழுக்களும் கீழிருந்து ஏறி வரும். சிமெண்ட் தளத்தில் அடியில் எதுவும் இல்லை. பாத்திக்குள் இருக்கும் ஆழம்தான் செடிக்குக் கிடைக்கும் மொத்த ஆழம். அதிலும் அடிப்பகுதியின் சில செ.மீ. எப்போதும் ஈரத்திலேயே ஊறிக் கிடக்கும். அடியில் ஜல்லி பரப்பினால் அது தீரும் என்பது தவறு, ஏனெனில் நுண்துளை நிறைந்த மண்ணிலிருந்து நீர் எளிதில் ஜல்லிக்குள் இறங்காமல் அதற்கு மேலேயே தேங்கும். ஆக மேலிருந்து மட்டம் குறைய, கீழே ஈரம் அப்படியே நிற்க, வேருக்கு உகந்த பகுதி இரு பக்கமும் நெருக்கப்படுகிறது. கீரைக்கு 15 முதல் 20 செ.மீ. போதும், தக்காளி, கத்தரி போன்றவற்றுக்கு 30 செ.மீ.க்குக் குறைந்தால் விளைச்சலிலேயே தெரிந்துவிடும்.

இந்நிலையில் பாத்தியின் அடிப்பாதியை மரக்கட்டைகளாலும் காய்ந்த கிளைகளாலும் நிரப்பினால் மண்செலவு மிச்சம் என்று தொடர்ந்து பரப்பப்படும் அறிவுரையைக் காணும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வருகிறது. நியாயமாகச் சொன்னால், திறந்த நிலத்தில் உயரமாக மேடு கட்டுபவர்களுக்கு அது பயனுள்ள முறைதான். கட்டைகள் மட்கும்போது ஈரத்தைப் பிடித்து வைக்கும். ஆனால் 45 செ.மீ. மட்டுமே உள்ள இடத்தில் அதில் பாதியை மட்கிப்போகும் பொருளுக்குக் கொடுப்பது, இறங்கப்போகும் மட்டத்தை நாமே விலை கொடுத்து வாங்குவதற்குச் சமம். போதாக்குறைக்கு, மரத்தூளும் சிறு சிராய்களும் மண்ணோடு கலந்துவிட்டால் அவற்றை மட்கவைக்கும் நுண்ணுயிர்கள் தழைச்சத்தை (நைட்ரஜனை) தம்பக்கம் இழுத்துக்கொள்ள, செடியின் அடியிலைகள் வெளிறத் தொடங்கும்.

மேலே உரம் போட்டு ஈடுகட்டலாமே என்று கேட்பார்கள். போடத்தான் செய்கிறேன். ஆனால் போட்ட உரமும் மட்கிக் குறையும். அதிலுள்ள மணிச்சத்து (பாஸ்பரஸ்) மட்டும் எளிதில் வெளியேறாமல் சேர்ந்துகொண்டே போகும். எனவே வெறும் உரத்தை மட்டும் ஆண்டுக்கு ஆண்டு கொட்டுவது முறையன்று. மண்ணும் மணலும் கலந்துதான் மட்டத்தை ஏற்ற வேண்டும். அதையும் பயிர் நிற்கும்போது செய்ய இயலாது, ஏனெனில் பெரும்பாலான செடிகளின் தண்டடியைப் புதைத்தால் அழுகல் வரும். தக்காளி மட்டும் இதற்கு விலக்கு. புதைந்த தண்டிலிருந்தே புது வேர் விடும் செடி அது. மண் அணைத்த சில நாட்களில் தண்டைச் சுற்றி முளைக்கும் வெண்ணிற வேர்முனைகளைப் பார்ப்பதில் எனக்கு இன்றும் அலுப்புத் தட்டவில்லை.

இன்னொரு தொல்லையும் இதே கலவையிலிருந்துதான் பிறக்கிறது. வெயில் காலத்தில் சிமெண்ட் தளமும் பலகையும் சூடேறி ஓரங்கள் முதலில் காய்கின்றன. தென்னைநார்க் கழிவும் உரமும் மிகுந்த கலவை காயும்போது சுருங்கிப் பலகையை விட்டு விலகுகிறது. விரல் நுழையும் அந்த இடுக்கில் ஊற்றிய நீர் நேரே அடிக்கு ஓடி, தேநீர் நிறத்தில் தளத்தின்மீது வழியத் தொடங்கும். நன்றாகப் பாய்ச்சிவிட்டோம் என்று எண்ணி நடுவில் விரலை விட்டுப் பார்த்தால் உள்ளே புழுதி. சொட்டுநீர்க் குழாயைப் பாத்தியின் நடுவே ஓட்டி, மேலே மண்ணைப் போர்த்தும் மூடாக்கும் போட்ட பிறகே இது ஓரளவு அடங்கியது.

இவ்வளவையும் சொன்ன பிறகு, பாத்தி எனக்குத் தந்ததையும் சொல்லியாக வேண்டும். கனமழையிலும் செடிகள் நீரில் மூழ்கி அழுகியதில்லை. கோரைக்கிழங்கு கீழிருந்து ஏறி வரவில்லை. இருபுறமிருந்தும் நடுப்பகுதிவரை கை எட்டுவதால் யாரும் மண்ணை மிதிப்பதில்லை. அதனால் முள்ளங்கி வளையாமல் நேராக இறங்குகிறது. செடிகள் சிமெண்ட்மேல் நிற்கின்றன என்பதைப் பார்ப்பவர்கள் நம்ப மறுத்த பருவங்களும் உண்டு.

மொட்டைமாடியில் அமைக்க நினைப்பவர்கள் எடையை முதலில் பார்க்க வேண்டும். நனைந்த மண் கன மீட்டருக்கு 1,600 கிலோவுக்கு மேலும் வரும் என்பதால் 30 செ.மீ. ஆழமே ச.மீ.க்கு 480 கிலோ ஆகிறது. வீட்டுத் தளங்கள் பொதுவாகத் தாங்கும்படி கணக்கிடப்படுவதோ 150 முதல் 200 கிலோதான். கட்டடப் பொறியாளரைக் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது.

நண்பருக்கு வேண்டாம் என்றே பதில் எழுதினேன். பாத்தி மோசமானது என்பதால் அல்ல. ஒவ்வொரு பருவத்தின் முடிவிலும் மண் சுமக்க அவருக்கு நேரமில்லை என்பது எனக்குத் தெரியும், அதைச் செய்யாவிட்டால் மூன்றாம் ஆண்டில் அவரிடம் அரைப்பெட்டி மண்தான் மிஞ்சும். மீறிச் செய்வதானால், கன அளவில் ஐந்தில் மூன்று பங்காவது மண்ணும் மணலுமாக இருக்கட்டும், அடியில் கட்டைகளைப் போடவே வேண்டாம், மறுநிரப்பலுக்கான மண்ணை வைக்க ஒரு மூலையை இப்போதே ஒதுக்கிவிடுங்கள் என்று அதன்கீழ் சேர்த்திருக்கிறேன்.