எம்.சி. ரோட்டில் "மாடிக்கு வாங்க" என்று கூப்பிட்டால் போகாதீர்கள்

தம்பி கல்யாணத்துக்குத் துணி எடுக்கத் தென்காசியிலிருந்து சென்னை வந்து தண்டையார்பேட்டையில் சித்தி வீட்டில் தங்கியிருந்தேன். தி.நகர் எல்லாம் எதுக்கு, பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டிலேயே எல்லாம் கிடைக்கும் என்றார் சித்தி. உண்மைதான். நைட்டி, உள்பாவாடை, பிள்ளைகளுக்குக் கவுன் என்று நடைபாதைக் கடைகளிலேயே இரண்டு பை நிறைந்துவிட்டது, அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

ஏமாந்தது பட்டுப் புடவையில். சனிக்கிழமை சாயங்காலக் கூட்டத்தில் நான் அண்ணாந்து அண்ணாந்து போர்டு பார்த்துக்கொண்டு நடந்ததை வைத்தே வெளியூர் என்று கண்டுபிடித்திருப்பான் போல, ஒரு பையன் பின்னாலேயே வந்தான். "அக்கா, மாடில குடோன் ரேட்டுக்கா, வாங்காட்டியும் பரவால்ல, சும்மா வந்து பாரு." குறுகலான படி ஏறிப் போனால் பாய் விரித்து உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார்கள். டீயைக் குடித்துவிட்டு வெறுங்கையோடு எழுந்துவர நமக்கு மனசு வராதே, அவர்கள் கணக்கே அதுதான். சுத்தப் பட்டு, 9,500 ரூபாய், கல்யாண வீடு என்பதால் 5,200. சரி என்றேன். பில் கேட்டதற்கு, "பில் போட்டா ஜிஎஸ்டி சேரும்க்கா" என்று மேலே 'எஸ்டிமேட்' என்று அச்சடித்த துண்டுச் சீட்டில் தொகையை மட்டும் கிறுக்கித் தந்தார்கள். ஜிபேயில் அனுப்பியபோதும் கடைப் பெயர் வரவில்லை, யாரோ ஒருத்தர் பெயர்தான் வந்தது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் சித்தி முந்தானைக் குஞ்சத்தில் நாலு இழை உருவித் தீக்குச்சியைக் காட்டினார். பட்டாக இருந்தால் முடி கருகும் நாற்றம் வரும், சாம்பலைத் தேய்த்தால் பொடியாகும். இது உருகிச் சுருண்டு, கறுப்பாகக் கடுகு மாதிரி கெட்டியாக நின்றது, பிளாஸ்டிக் வாடை வேறு. "பாலியஸ்டருடீ இது" என்றார்.

மறுநாளே போனேன். "இது எங்க சீட்டே இல்லம்மா" என்று முகத்தைப் பார்த்துச் சொன்னார் அதே ஆள். முந்தின நாள் அக்கா, இன்று அம்மா!

பட்டு வாங்குகிறவர்கள், சுத்தப் பட்டு என்பதற்கு அடையாளமான சில்க் மார்க் ஹாலோகிராம் சீட்டு தொங்குகிறதா என்று பாருங்கள், நான் அதைக் கேட்கக்கூட இல்லை. அப்புறம், பில் தர மறுப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம், இதை எனக்குச் சொன்னது கல்லூரியில் படிக்கும் சித்தி மகள். அவள் சொல்லித்தான் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு போன் செய்தேன். பொறுமையாக எல்லாம் கேட்டுக்கொண்டு, கடைப் பெயர் என்ன என்றார்கள். எஸ்டிமேட் சீட்டைத் திருப்பிப் பார்த்தேன், பின்பக்கம் யாரோ போட்ட டீக்கணக்குதான் இருந்தது.