மணமாகாத துணைக்குக் காப்பீடு: கம்பெனி பிளானா, தனி பிளானா?

அமெரிக்காவில் மணமாகாத துணையை உங்கள் கம்பெனி மருத்துவக் காப்பீட்டில் சேர்க்கலாமா என்பதைப் பெரும்பாலும் கம்பெனிதான் முடிவு செய்யும். எச்.ஆரிடம் கேட்டால் உறுதிமொழிப் பத்திரமும், இருவர் பெயரும் உள்ள வாடகை ஒப்பந்தம் போன்ற சான்றும் கேட்பார்கள். அது பெரிய தலைவலி இல்லை.

தலைவலி வரியில்தான். துணை உங்கள் வரிக் கணக்கில் சார்ந்தவராக இல்லையென்றால், கம்பெனி அவருக்காகக் கட்டும் பங்கு உங்கள் வருமானமாகிவிடும். மாதம் 500 டாலர் என்று வையுங்கள்: ஆண்டுக்கு 6,000 டாலர் உங்கள் டபிள்யூ-2வில் (கம்பெனி தரும் ஆண்டுச் சம்பள, வரிப் படிவம்) ஏறும். 22 சதவீத வரம்பில் இருந்தால் ஃபெடரல் வருமான வரி மட்டும் 1,320 டாலர். கையில் ஒரு காசு வராமலே! அவருக்காக நீங்கள் கட்டும் பிரீமியத்துக்கும் வரிவிலக்கு கிடையாது.

துணை அரசின் காப்பீட்டுச் சந்தையில் (மார்க்கெட்பிளேஸ்) தனி பிளான் வாங்கினால், பிரீமியத்தைக் குறைக்கும் அரசு மானியத்துக்கு அவர் வருமானம் மட்டுமே கணக்கு. உங்கள் சம்பளம் குறுக்கே வராது. பலர் கவனிக்காத விஷயம் இது: அவர் உங்களைச் சார்ந்தவர் இல்லையென்றால், உங்கள் கம்பெனி இடம் கொடுத்தும் அவர் சேராமல் இருக்கும்வரை, அந்த வாய்ப்பு மானியத்தைத் தடுக்காது.

படிப்பவர், குறைந்த வருமானக்காரர் என்றால் நான் தனி பிளானைத்தான் முதலில் பார்ப்பேன். தொடர் சிகிச்சையில் இருப்பவருக்கு, அவருடைய டாக்டர் கம்பெனி பிளானின் டாக்டர் பட்டியலில் இருந்தால், அந்த வரி கொடுத்தாலும் தகும். ஆனால் உங்கள் வேலை போனால், மனைவிக்கோ கணவருக்கோ உள்ள கோப்ரா உரிமை (வேலை போன பிறகும் பணம் கட்டி அதே காப்பீட்டைச் சில காலம் தொடரும் உரிமை) ஃபெடரல் சட்டப்படி அவருக்குத் தனியாகக் கிடையாது.