சிவப்பு பெயிண்ட் அடித்தால் காலிப்பர் ரீபில்டு ஆகிவிடாது

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள், பிரேக் காலிப்பர் (வீலோடு சுற்றும் டிஸ்க்கைப் பிரேக் பேடால் இறுக்கிப் பிடிக்கும் பாகம்) வேலைக்கு வண்டியை வெளியே விடும் முன் இதைப் படித்துவிடுங்கள். "ஃபுல் ரீபில்டு" (முழுசாகப் பிரித்து, ரப்பர் மாற்றிச் சேர்ப்பது) என்று என்னிடம் 74,500 ரூபாய் வாங்கிக்கொண்டு, பேடைத் தள்ளும் பிஸ்டன்களில் ஒன்றைக்கூட வெளியே எடுக்காமல் வண்டியைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். சென்னைக் கராஜ்தான். விவகாரம் நுகர்வோர் ஆணையத்தில் இருப்பதால் பெயர் போடவில்லை.

வண்டி 2007 மாடல் போர்ஷே பாக்ஸ்டர். நாலு வீலிலும் நாலு பிஸ்டன் காலிப்பர். பிரேக்கை விட்ட பிறகும் முன் இடது வீல் லேசாகப் பிடித்துக்கொண்டே இருந்தது. ஜாக்கி போட்டுத் தூக்கிக் கையால் சுற்றினால் அரைச் சுற்றில் நின்றுவிடும். இந்த வயசு வண்டிக்கு இது சகஜம். பிஸ்டனைச் சுற்றிச் சதுர வெட்டில் ஒரு ரப்பர் சீல் இருக்கும். பெடலை மிதித்தால் அது பிஸ்டனோடு சேர்ந்து வளையும். காலை எடுத்ததும் பழையபடி நிமிர்ந்து, பிஸ்டனையும் மயிரிழை அளவு உள்ளே இழுத்துக்கொள்ளும். இதற்கென்று தனியாக ஸ்பிரிங் எதுவும் கிடையாது. அந்த ரப்பர் கெட்டால் பேட் டிஸ்க்கை விடாது.

கராஜ்காரர் சொன்ன வேலையெல்லாம் சரியான வேலைதான். "நாலையும் இறக்கி, பிஸ்டன் வெளிய எடுத்து, ஒரிஜினல் சீல் கிட் போட்டு, பிரேக் ஆயில் மாத்தி, ஏர் எடுத்துத் தர்றேன் சார். பெயிண்ட் நம்ம சார்பா ஃப்ரீ." வண்டி வந்தபோது காலிப்பர் நாலும் குங்குமச் சிவப்பில் மின்னின. சாதா பாக்ஸ்டருக்குக் கம்பெனியிலிருந்தே கறுப்பு காலிப்பர்தான் வரும். சிவப்பு 'எஸ்' மாடலுக்கு. "எஸ் லுக் வந்துடுச்சு பாருங்க சார்" என்று அவரே போட்டோவும் எடுத்துக்கொண்டார்.

கொஞ்ச நாள் நன்றாகத்தான் ஓடியது. அப்புறம் ஏலகிரி போய்விட்டு இறங்கும்போது, 14 கொண்டை ஊசி வளைவுகளில் பாதி தாண்டுவதற்குள் பெடல் பஞ்சு மாதிரி ஆகிவிட்டது. கருகின வாடை. கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து ஓரங்கட்டினேன். இந்த வண்டியில் ஹேண்ட் பிரேக் தனி டிரம்மில் வேலை செய்யும், அதனால் தப்பித்தேன். முன் இடது வீலிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. பேட் உரசி உரசி டிஸ்க் சூடேறி, அந்தச் சூட்டில் பிரேக் ஆயிலே கொதித்திருக்கிறது. டாட் 4 என்ற தரத்து பிரேக் ஆயில் புதுசாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிவிட்டால் அந்தக் கணக்கு 155-க்கு இறங்கிவிடும். அதனால்தான் 2 வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லிப் போர்ஷே எழுதி வைத்திருக்கிறது. எனக்கோ புது ஆயில் என்று பில்லே இருக்கிறது!

டோ பண்ணி அம்பத்தூரில் ரேஸ் வண்டி வேலை பார்த்த ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். அவர் வீலைக் கழற்றியதும் ஸ்பேனரைத் தொடவில்லை. டார்ச்சை அடித்து, "தம்பி, இந்த நிப்பிளைப் பாருங்க" என்றார். ஏர் எடுக்கிற நிப்பிளும் (பிரேக் ஆயிலையும் அதில் சிக்கிய காற்றையும் வெளியே விடத் திருகித் திறப்பது) காலிப்பர் பாடியும் சேரும் இடத்தில் சிவப்பு பெயிண்ட் ஒரே தோலாக, விரிசலே இல்லாமல் மூடியிருந்தது. பெயிண்ட் அடித்த பிறகு அந்த நிப்பிளை யாரும் திருகவே இல்லை. அவர் திருகியபோதுதான் முதல்முறையாக அந்தப் பெயிண்ட் தோல் உடைந்தது. வந்த ஆயில் கரும்பழுப்பு.

அடுத்து டஸ்ட் பூட்டை, அதாவது பிஸ்டனுக்குள் தூசி போகாமல் மூடும் ரப்பர் உறையை, நெம்பினார். உள்ளே மஞ்சள் கிரீஸ், வீல் பேரிங்குக்குப் போடும் சாதாரண கிரீஸ். ஜாமான பிஸ்டன் அப்போதைக்கு நகரட்டும் என்று பூட்டைத் தூக்கி உள்ளே அப்பியிருக்கிறார்கள். பெட்ரோலிய கிரீஸ் பட்டால் பிரேக் ரப்பர் ஊதிப்போகும். இதற்கென்று விளக்கெண்ணெய் சேர்ந்த சிவப்பு ரப்பர் கிரீஸ் தனியாக விற்கிறார்கள். மரத்துண்டு வைத்துக் கம்ப்ரசர் காற்றில் பிஸ்டன்களை வெளியே தள்ளிப் பார்த்தால், பழைய சீல் அப்படியே இருக்கிறது, ஓரம் அலை அலையாக ஊதி, காடியை விட்டுப் பிதுங்கி. பேட் உட்காரும் இடத்தில் இருக்கும் ஸ்டீல் தகடுக்கு அடியில் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடி கட்டி, தகடே மேலே தூக்கியிருந்தது. பேட் இறுகி மாட்டியதற்கு அதுவும் ஒரு காரணம். போர்ஷே காலிப்பர்களில் தெரிந்த வியாதிதான் இது; தகடைக் கழற்றிச் சுரண்டினால் சரியாகும். இவர்கள் அந்தப் பொடி மேலேயே பெயிண்ட் அடித்திருந்தார்கள்.

பில்லை எடுத்துக் காட்டினேன். பெரியவர் ஒரு வரியைப் பார்த்துச் சிரித்துவிட்டார். 'கைடு பின் கிரீசிங், 4 வீல்'. கைடு பின் என்பது ஸ்விஃப்ட் மாதிரி வண்டிகளில், ஒரு பக்கம் மட்டும் பிஸ்டன் இருந்து காலிப்பரே நகர்கிற வகையில் இருப்பது. பாக்ஸ்டரில் இரண்டு பக்கமும் பிஸ்டன். காலிப்பர் நகராது, கைடு பின்னே கிடையாது. இல்லாத பின்னுக்குக் கிரீஸ் போட்டுக் காசு வாங்கியிருக்கிறார்கள்.

கராஜுக்குப் போன் போட்டால், "ரப்பர்னா ஊதத்தான் சார் செய்யும், உங்க டிரைவிங் கொஞ்சம் ஹெவி" என்கிறார். காசு திரும்பக் கேட்டதும் அடுத்த சர்வீசுக்குத் தள்ளுபடி தருகிறாராம். அடுத்த சர்வீசாம்!

வேலைக்கு விடுகிறவர்கள் பிஸ்டன் வெளியே இருக்கும்போது கூப்பிடச் சொல்லி நேரில் போய்ப் பாருங்கள். பழைய சீல், பூட் எல்லாம் கையில் வேண்டும் என்று முன்கூட்டியே எழுத்தில் சொல்லுங்கள். இந்த வண்டி முன் காலிப்பரில் பிஸ்டன் இரண்டு அளவில் இருக்கும், கிட்டிலும் இரண்டு அளவு சீல் இருக்க வேண்டும். பவுடர் கோட்டிங் (பெயிண்ட் பொடியைத் தூவிச் சூட்டில் உருக்கி ஒட்டவைப்பது) என்றால் இன்னும் உஷார்: 200 டிகிரி வாக்கில் அடுப்பில் வைப்பார்கள், அதற்கு முன் ரப்பர் மொத்தமும் வெளியே வந்தாக வேண்டும். ஏற்கெனவே வேலை முடிந்து வந்த வண்டியா? நிப்பிளில் பெயிண்ட் உடைந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரில் இடது, வலது டிஸ்க் சூட்டை ஒப்பிடுங்கள்; ஒரு பக்கம் மட்டும் அதிகம் சுட்டால் அங்கே பேட் பிடித்துக்கொண்டிருக்கலாம்.

புகார் கொடுக்க வேண்டுமென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைக்கலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், வேலைக்கு நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. ஆனால் இன்னொரு மெக்கானிக் கை வைக்கும் முன், வீல் கழற்றுவதிலிருந்து வீடியோ எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் "நீங்களே வேற இடத்துல கழட்டி பழைய சீலை மாட்டிட்டீங்க" என்பார்கள். என்னிடம் சொல்லியாகிவிட்டது.