வாணம் பார்க்க யாழ்ப்பாணத்தில் எந்த இரவு?

வாணவேடிக்கை என்றால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு பித்து. சத்தத்துக்காக இல்லை. ஒழுங்கை நீளத்துக்குச் சீனவெடி கட்டிக் கொளுத்தினாலும் படலைக்கு வரமாட்டேன். ஆனால் எங்கேயாவது ஒரு ரொக்கெட் சீறிக்கொண்டு ஏறுவது கேட்டால் சாப்பாட்டுக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு முற்றத்துக்கு ஓடிவிடுவேன்.

போன கிழமை பெரியம்மாவின் மகன் கேட்டான்: "அண்ணை, வருசத்திலை ஒரு இரவுதான் லீவு எடுக்கலாம் எண்டா எதுக்குப் போறது?" யாழ்ப்பாணத்தில் இருப்பவருக்கு மூன்று வழி இருக்கிறது. டிசம்பர் 31 நள்ளிரவில் பண்ணைக் கடலோரத்தில் போய் நிற்பது ஒன்று. தீபாவளிக்கு முன், வாணம் விற்பவர் தன் சரக்கை ஒவ்வொன்றாகக் கொளுத்திக் காட்டும் மாலை இன்னொன்று. சித்திராப் பௌர்ணமியில் வல்வெட்டித்துறை முத்துமாரி அம்மன் கோயில் இந்திர விழா மூன்றாவது. மூன்றுக்கும் போயிருக்கிறேன். அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

புதுவருசத்தைச் சுருக்கமாகவே முடித்துவிடலாம். பண்ணையில் ஒரு பக்கம் கோட்டை, மறுபக்கம் கடல்நீரேரி. பார்க்க அதைவிட நல்ல இடம் இருக்காது என்று தோன்றும். பன்னிரண்டு மணிக்குத் தேவாலய மணிகள் அடிக்க, நகரம் முழுவதும் ஒரே நேரத்தில் கொளுத்தத் தொடங்கும். முதல் இரண்டு நிமிடம் உடம்பு சிலிர்க்கும், மறுக்கவில்லை. அப்புறம் புகை. மார்கழியில் வீசுவது வாடைக் காற்று. வடகிழக்கிலிருந்து வரும் அந்தக் காற்று ஊரின் புகை முழுவதையும் அள்ளிக்கொண்டு வந்து தென்மேற்கில் இருக்கும் பண்ணையில்தான் போடும். ஈரக் காற்றில் புகை இன்னும் தடிப்பாகத் தெரியும். ஐந்து நிமிடத்தில் சாம்பல் திரைக்குப் பின்னால் சிவப்பும் பச்சையும் மங்கலாகத் துடிப்பதைத்தான் பார்ப்பீர்கள். போதாததற்கு, பல குழாய்களை அடுக்கிய வாணப் பெட்டியைக் கொளுத்துகிற யாரும் அதைச் சமதரையில் வைப்பதில்லை. என் கண்ணெதிரே ஒரு பெட்டி சரிந்து, மீதிக் குண்டுகள் மோட்டார் சைக்கிள்கள் நின்ற பக்கமாகத் தரையோடு பறந்தன. யாருக்கும் காயமில்லை. அதன் பிறகு புதுவருசத்தை எங்கள் வீட்டு மொட்டை மாடியில் இருந்தே பார்க்கிறேன்.

இனி, விற்பவர் கொளுத்திக் காட்டும் அந்தச் செய்முறை மாலை. இது நம் ஊருக்குப் புதுப் பழக்கம். இங்கிலாந்தில் இது வழக்கமான ஒன்று: நவம்பர் 5 அன்று வாணம் கொளுத்திக் கொண்டாடும் கை ஃபோக்ஸ் இரவுக்கு முன் கடைக்காரர்கள் ஒரு வயல்வெளியில் ஆட்களைக் கூட்டி, விற்கப்போகும் வாணங்களை ஒவ்வொன்றாகக் கொளுத்திக் காட்டுவார்கள். நான் போனது மிகச் சிறியது. ஒரு வெறும் காணி, நாற்பது ஐம்பது பேர், கயிறு கட்டிய எல்லை, கையில் ஒரு பட்டியல். ஒருவர் ஒலிபெருக்கியில் "இலக்கம் ஏழு, இருபத்தைந்து குழாய்" என்று சொல்வார். கொளுத்துவார்கள். முடிந்ததும் இருட்டு. புகை விலகும்வரை பொறுத்திருந்து அடுத்தது.

அந்த இருட்டில்தான் விசயமே இருக்கிறது. பெரிய காட்சியில் பத்து வாணம் ஒன்றாய் ஏறும்போது எது நல்லது, எது சுமார் என்று கண்ணால் பிரிக்க முடியாது. தனியாக ஏறினால் எல்லாம் வெளிக்கும். பக்கத்தில் நின்ற வயதான ஒருவர், முன்பு கோயில்களுக்கு வாணம் கட்டியவராம், என்னைப் பார்த்துச் சொன்னார்: "தம்பி, வெடிக்கிற இடத்தைப் பாக்காதை. ஏறேக்கை வாலைப் பார்." பார்த்தேன். மலிவான பெட்டியில் வால் பாதி வழியில் அணைந்துவிடுகிறது. நல்லதில் கரியும் இரும்புத் தூளும் கலந்த பொன்னிற வால் உச்சிவரை போய், விரிகிற பூவைத் தொட்டு நிற்கிறது.

அடுத்தது நீலம். சிவப்புக்கு ஸ்ட்ரொன்சியம், பச்சைக்குப் பேரியம். இரண்டும் ஓரளவு சுலபமாக வரும். நீலம் செப்பிலிருந்து வருகிறது. சுவாலையின் சூடு கொஞ்சம் கூடினாலே நீலத்தைத் தரும் சேர்மம் சிதைந்து, வெளிறிய ஊதாவாகிவிடும். ஆகவே ஒரு பெட்டியின் தரத்தை அறிய வேண்டுமானால் அதன் நீலத்தைப் பார்த்தால் போதும். அன்றைக்குக் கொளுத்திய பதினெட்டில் உண்மையான நீலம் இரண்டில்தான் இருந்தது. பட்டியலில் அந்த இரண்டுக்கும் பென்சிலால் வட்டம் போட்டேன். அட்டைப்படங்கள் பதினெட்டிலும் கரு நீலம்!

அந்த மாலையில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. பதினோராவது பெட்டி நடுவில் நின்றுவிட்டது. சனம் முணுமுணுத்தது. கொளுத்தியவர் அதற்குக் கிட்டவே போகவில்லை. நீண்ட கோல் ஒன்றால் அந்தப் பக்கத்தைக் காட்டி, "அரைமணித்தியாலம் ஒருத்தரும் போகக்கூடாது, பிறகு தண்ணிக்குள்ளைதான் போடுவம்" என்று ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டு, மற்ற ஓரத்திலிருந்து தொடர்ந்தார். நின்ற வாணத்தைக் குனிந்து பார்க்கப் போய் முகம் கருகியவர்களின் கதை எல்லா ஊரிலும் உண்டு. பிள்ளைகள் இதைக் கண்ணால் பார்த்தது நல்லது.

இன்னொரு நன்மையை அம்மாவால்தான் உணர்ந்தேன். பெரிய வாணம் குழாயை விட்டுக் கிளம்பும்போது ஒரு குத்துச் சத்தம் வரும். வெடிப்பதற்கு முந்திய சத்தம் அது. சண்டைக் காலத்தில் முகாமிலிருந்து செல் குத்துகிற சத்தம் கேட்டதும் எண்ணத் தொடங்கிப் பங்கருக்குள் ஓடியவர்களுக்கு அந்தச் சத்தம் காதைவிட்டுப் போகாது. 2009 கழிந்து இத்தனை வருசமாகியும் புதுவருச இரவில் அம்மா யன்னலைச் சாத்திவிட்டு உள்ளறையில் இருப்பார். செய்முறை மாலைக்கு மட்டும் வந்தார். எப்போது வரும், எத்தனை வரும் என்று முன்கூட்டிச் சொன்னதால் இருந்து பார்க்க முடிந்தது என்றார்.

சரி, அப்படியென்றால் செய்முறை மாலைதானே முதலிடம்? வாணம் வாங்கப் போகிறவருக்கும், வாணத்தைப் படிக்க ஆசைப்படுகிறவருக்கும் அதுதான். ஆனால் அவன் கேட்டது ஒரே ஒரு இரவு. அதற்கு என் பதில் வல்வெட்டித்துறை.

யாழ்ப்பாணத்திலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீற்றர். வசதி குறைவு, சன நெரிசல் அதிகம், திரும்பி வர வாகனம் முன்னரே பேசிவைக்க வேண்டும். பௌர்ணமி என்பதால் வானம் இருட்டாகவும் இராது. பொன்னிற வால்கள் நிலவொளியில் கொஞ்சம் மங்கும். இத்தனைக்கும் பிறகு ஏன் அங்கே?

முதற்காரணம், நிற்கத் தெரிந்தால் குறைகள் பாதி தீர்ந்துவிடும். அது வடக்குக் கரை. கடலைப் பார்த்து நின்றால் சித்திரை நிலா முதுகுப் பக்கம் போய்விடும். தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று தொடங்கும் காலமும் அதுதான். காற்று எழும்பிய வருசங்களில் தெற்கிலிருந்து வந்து புகையைக் கடலுக்குத் தள்ளிவிடும். பண்ணையில் நடப்பதற்கு நேர் எதிர்.

இரண்டாவது, புகைக்கூண்டு. கடதாசியை ஒட்டி ஆளுயரத்தைவிடப் பெரிதாகச் செய்த கூண்டுக்குள் சூடான புகையை நிரப்பி இரவு வானில் ஏற்றுவார்கள். தைப்பொங்கலுக்குப் பட்டப் போட்டி வைக்கும் அதே ஊர். கடதாசியும் பசையும் காற்றும் அவர்களுக்குக் கைவந்தவை. கூண்டு நிமிர்வதற்குள் சுற்றிப் பிடித்திருக்கும் இளைஞர்களின் முகத்தைப் பாருங்கள். ஒரு பக்கம் சரிந்தால் கடதாசி பற்றிக்கொள்ளும், பல நாள் வேலை ஒரு நொடியில் போய்விடும். "விடு, விடு!" என்று ஒருவர் கத்த, எல்லாக் கையும் ஒன்றாய் விலக, அது சத்தமே இல்லாமல் எழும்பும். அந்தக் கணத்தில் கூட்டமும் பேச்சை நிறுத்திவிடும்.

பிறகு ஒரு வாணம். பிறகு இடைவெளி. செய்முறை மாலையில் எனக்குப் பிடித்த அந்த இடைவெளியும் காத்திருப்பும் இங்கே தானாகவே அமைந்துவிடுகின்றன. நான் நின்ற வருசம் அவை ஒன்றன்பின் ஒன்றாக, நாதஸ்வரமும் தவிலும் நடுவில் ஒலிக்க, கடற்கரைப் பக்கமாக எழும்பின. நீலம் அவ்வளவு நன்றாக இல்லை. ஆனால் தூரத்தில் நின்றதால் ஒளிக்கும் ஒலிக்கும் இடையில் மூன்று நொடி கிடைத்தது. அதாவது கிட்டத்தட்ட ஒரு கிலோமீற்றர். பூ விரிந்து, வாடி, அணைந்த பிறகுதான் சத்தம் வந்து சேர்ந்தது.

அந்த மூன்று நொடியைப் பற்றி அம்மாவிடம் சொன்னேன். அவ்வளவு தூரத்தில் குத்துச் சத்தம் மெல்லத்தான் கேட்கும் என்பதையும் சொன்னேன். யோசித்துவிட்டு, "அப்ப இந்தமுறை நானும் வாறன், கூண்டு விடுறதைப் பாப்பம்" என்றார். வாகனத்தில் மூன்று இருக்கை பேசிவைத்திருக்கிறேன். பெரியம்மாவின் மகனும் வருகிறான்.