தோட்டத்து மண்டபத்தில் ஏழு வருடம்: ஒரு பழைய ப்ரொஜெக்டரும் பல தேசத்துப் படங்களும்

2018 கடைசியில் கொழும்பில் பாவித்த ப்ரொஜெக்டர் ஒன்றை 36,000 ரூபாய்க்கு வாங்கினேன். 3,000 லூமன்ஸ் வெளிச்சம், விளக்கு ஏற்கனவே 1,000 மணித்தியாலம் எரிந்தது. கொரோனாவுக்கு மூடிக் கிடந்த மாதங்களையும் கரண்ட் இல்லாத மாதங்களையும் கழித்துவிட்டால், அன்றிலிருந்து மாதம் ஒரு படமாவது தலவாக்கலைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்து மண்டபத்தில் போட்டு வருகிறேன். இப்படி ஒன்று வாங்கலாமா என்று கேட்டு ஆட்கள் வருகிறார்கள். அவர்களுக்காகவும், அதில் என்ன படம் போடலாம் என்று கேட்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

முதலில் மெஷினைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மலைநாட்டில் ப்ரொஜெக்டரைக் கெடுப்பது தூசியைவிட ஈரம்தான். ஜூன், ஜூலை மழையில் எங்கள் பக்கம் சுவரே வியர்க்கும். இரண்டாவது வருடமே லென்ஸின் உள்பக்கம் பூஞ்சணம் பிடித்து, எந்தப் படம் போட்டாலும் இடது மூலையில் ஒரு மேகம் நின்றது. திறந்து துடைத்து வாங்கிய பிறகு, காற்றுப் போக ஓட்டை போட்ட ஒரு மரப்பெட்டிக்குள் சிறிய பல்ப் ஒன்றை எரியவிட்டு அதில் வைக்கிறேன். ஸ்டூடியோக்காரர்கள் கெமராவுக்குச் செய்த அதே வேலைதான். பூஞ்சணம் திரும்ப வரவில்லை.

திரைக்குப் பெட்ஷீட் கட்டாதீர்கள். காற்றில் ஆடும், வெளிச்சத்தில் பாதி பின்னால் போய்விடும். நாங்கள் மண்டபச் சுவரில் எட்டடி அகலத்துக்கு வெள்ளை பெயின்ட் அடித்தோம், அது போதும். சத்தத்துக்குக் கோயில் ஸ்பீக்கர். தகரக் கூரையில் மழை விழுந்தால் மெஷினுக்குள் இருக்கும் ஸ்பீக்கர் ஒன்றுக்கும் உதவாது. விளக்கை இரண்டு தடவை மாற்றினேன். முதல் தடவை ஒரு கடையில் தந்தது போலி விளக்கு, மூன்று மாதத்தில் வெடித்தது. அடுத்ததை வாங்கப் போன நேரம் 2022. டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்கு ஏறியிருந்தது. அந்த மார்ச் கடைசியில் நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டு. விளக்கு இருந்தாலும் எரிக்க வழி இல்லை. இன்று புதிதாக வாங்குபவர்கள் எல்ஈடி விளக்குள்ளதைப் பார்க்கலாம். ஆனால் மலிவானவற்றின் பெட்டியில் அடித்திருக்கும் லூமன்ஸ் கணக்கை நம்ப வேண்டாம். இருட்டான அறையில் போட்டுக் காட்டச் சொல்லி, கண்ணால் பார்த்து வாங்குங்கள்.

சரி, படங்களுக்கு வருகிறேன்.

எங்கள் பக்கம் தமிழ், சிங்களம், ஹிந்தி தவிர்ந்த எல்லாமே 'இங்கிலீஷ் படம்'தான். ஹொங்கொங்கில் எடுத்த சண்டைப் படமும் இங்கிலீஷ் படம். ஜப்பான்காரர் எடுத்ததும் இங்கிலீஷ் படம். வெளிநாடு என்றால் அமெரிக்கா, அமெரிக்கா என்றால் இங்கிலீஷ் என்று எங்களுக்குப் பதிந்துவிட்டது. ஹொலிவூட்டின் ஆதிக்கம் என்று பெரிய வார்த்தையில் சொல்வதை நான் புரிந்துகொண்டது இந்த ஒரு சொல்லில் இருந்துதான். மற்ற தேசங்களும் படம் எடுக்கின்றன என்ற நினைப்பே இல்லாமல் போய்விடுகிறது.

முதல் நான்கைந்து மாதம் நானும் அதைத்தான் போட்டேன். கையில் கிடைத்ததெல்லாம் தமிழில் டப் செய்த அமெரிக்கப் படங்கள். கட்டடம் இடியும், கார் பறக்கும், பிள்ளைகள் கத்துவார்கள். ஆனால் மறுநாள் அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசமாட்டார்கள்.

2019 இல் ஒரு போயா (பௌர்ணமி விடுமுறை) இரவு மஜித் மஜிதியின் 'சில்ட்ரன் ஒஃப் ஹெவன்' போட்டேன். 1997 இல் வந்த ஈரான் படம். தைக்கக் கொடுத்த தங்கச்சியின் சப்பாத்தை அண்ணன் தொலைத்துவிடுகிறான். புதிது வாங்க வீட்டில் காசில்லை. அவனுடைய ஒரே சோடியை இருவரும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு ஸ்கூலுக்கு ஓடுகிறார்கள். இங்கே மழைக்காலத்தில் நனைந்த கென்வஸ் சப்பாத்தை அடுப்புக்கு மேலே கட்டிக் காயவைப்பார்கள். ரப்பர் சூடேறும் வாசனை லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) காம்பரா முழுக்க நிற்கும். காலையில் காயாவிட்டால் ஈரத்தோடுதான் போக வேண்டும். படத்தில் அந்தச் சின்னப்பிள்ளை மற்றவர்களின் சப்பாத்தையே பார்த்துக்கொண்டு நிற்கும் இடத்தில், எனக்கு முன்வரிசையில் இருந்த ஒரு பிள்ளை தன் கால்களைப் பாவாடைக்குள் இழுத்துக்கொண்டது.

கடைசியில் ஓட்டப்பந்தயம். மூன்றாம் பரிசுதான் சப்பாத்து. அதற்காக ஓடுகிறவன் முதலாவதாக வந்துவிடுகிறான். மண்டபத்தில் ஒருவர்கூடக் கை தட்டவில்லை. கதாநாயகன் ஜெயித்து, பார்த்தவர்கள் எல்லோரும் 'ஐயோ' என்ற படத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. மறுநாள் மலையில் கொழுந்து பறிக்கும்போது நிரைக்கு நிரை அந்தக் கதைதான் போனது என்று அம்மா வந்து சொன்னார். அன்றைக்குத்தான் இந்த மெஷினை எதற்கு வைத்திருக்கிறேன் என்று எனக்குப் பிடிபட்டது.

இதில் பெரிய சிக்கல் சப்டைட்டில். கிடைப்பதெல்லாம் ஆங்கிலத்தில். அதனால் மைக்கைப் பிடித்துக்கொண்டு நான்தான் தமிழில் சொல்கிறேன். தொடக்கத்தில் வரிக்கு வரி சொன்னேன், என் குரல் படத்தை மூடிவிட்டது. பிறகு பாதியைச் சொல்லாமல் விடப் பழகினேன். அழுகிற இடத்தில் வாயே திறக்கக் கூடாது. இது புது வேலையும் இல்லை. ஜப்பானில் மௌனப்படக் காலத்தில் திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்ல 'பென்ஷி' என்று ஆட்கள் இருந்தார்கள். இயக்குநர் அகிரா குரோசாவாவின் அண்ணன் அந்தத் தொழில் செய்தவர். தோட்டத்தில் ஆடும் காமன்கூத்தில் கதையை எடுத்துச் சொல்லிக்கொண்டே போகிறவர்களைப் பார்த்து வளர்ந்த எங்கள் ஆட்களுக்கு இது உடனே பழகிவிட்டது.

ஹட்டனில் என்னோடு வேலை செய்யும் நண்பர் ஒருவர், அமெரிக்கப் படம் நன்றாக இருப்பதால்தானே உலகம் முழுக்க ஓடுகிறது என்பார். நல்ல படங்கள் அங்கே உண்டு, மறுக்கமாட்டேன். ஆனால் 1914 க்கு முன்னால் உலகத் தியேட்டர்களில் முன்னால் நின்றது பிரான்ஸின் பாத்தே கம்பனி. முதலாம் உலகப்போர் ஐரோப்பாவின் படத் தொழிலை முடக்கியபோது அந்த இடத்தில் அமெரிக்கா வந்து உட்கார்ந்தது, பிறகு எழுந்திருக்கவில்லை. 1918 இல் வந்த ஒரு அமெரிக்கச் சட்டம், உள்நாட்டில் கூடாத கூட்டு வியாபாரத்தை ஏற்றுமதிக்கு மட்டும் அனுமதித்தது. அதன் கீழ் 1945 இல் ஸ்டூடியோக்கள் சேர்ந்து படங்களை வெளிநாடுகளில் விற்க ஒரு சங்கம் அமைத்தன. 1946 இல் பிரான்ஸ் தன் போர்க்கடனுக்காக வொஷிங்டனோடு செய்த ஒப்பந்தத்தில், மூன்று மாதத்துக்கு நான்கு வாரம்தான் சொந்தப் படத்துக்கென்று ஒதுக்கப்பட்டது. கடன்காரன் வீட்டுக்குள் வந்து அடுப்பில் என்ன சமைக்கலாம் என்று சொன்ன கதைதான். தென் கொரியாவில் வருடத்துக்கு 146 நாள் கொரியப் படம் ஓட வேண்டும் என்ற விதி இருந்தது. அமெரிக்காவோடு வர்த்தகப் பேச்சு தொடங்குவதற்காக 2006 இல் அதை 73 நாளாக வெட்டினார்கள். அப்படிக் காத்த நாட்களில் வளர்ந்த சினிமாதான் 2020 இல் 'பாரசைட்' மூலம் ஒஸ்காரின் சிறந்த படம் என்ற பரிசை எடுத்தது. ஆங்கிலம் அல்லாத படம் ஒன்றுக்கு அந்தப் பரிசு கிடைத்தது அதுவே முதல் தடவை. எது தியேட்டருக்கு வந்து சேர்கிறதோ அதைத்தான் மக்கள் பார்க்கிறார்கள். நண்பருக்கு இதைச் சொன்னேன், அவர் இன்னும் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை.

எங்கள் பக்கம் ஹொலிவூட்டுக்கு முன்னால் கோடம்பாக்கம் நிற்கிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இந்தத் தீவிலேயே லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 1956 இல் எடுத்த 'ரேகாவ' பிரான்ஸின் கான்ஸ் பட விழா வரை போனது. அவருடைய 'கம்பெரலிய' 1965 இல் டெல்லிப் பட விழாவில் தங்க மயில் பரிசு வாங்கியது. தர்மசேன பத்திராஜ 1977 இல் யாழ்ப்பாணத்தில் தமிழிலேயே 'பொன்மணி' எடுத்தார். ரயிலில் போய்வரும் தூரத்தில் எடுத்த இந்தப் படங்களின் பெயர்கூட நான் முப்பது வயது வரை கேள்விப்பட்டிருக்கவில்லை.

ஆனால் எங்கள் மலை ஹொலிவூட்டுக்கு நன்றாகத் தெரியும். ஹட்டனிலிருந்து கொழும்புக்கு பஸ்ஸில் போகும் எவரும் கித்துல்கலையைத் தாண்டித்தான் போக வேண்டும். 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' படத்துக்காகப் பாலம் கட்டி வெடி வைத்தது அங்கேதான். 1957 இல் வந்து ஏழு ஒஸ்கார் வாங்கியது. படத்தில் அந்த ஆறு களனி கங்கை இல்லை, பர்மா, சயாம் பக்கத்து ஆறு. 1984 இல் வந்த 'இந்தியானா ஜோன்ஸ் அண்ட் த டெம்பிள் ஒஃப் டூம்' கண்டிப் பக்கம் எடுத்தது, கதையில் அது இந்தியா. அந்த 'இந்திய' கிராமத்தார் சிங்களம் பேசுவதை எங்கள் பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிட்டார்கள். எலிசபெத் டெய்லர் நடித்த 'எலிஃபன்ட் வோக்' (1954) மட்டும் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக் கதையாகவே வந்தது. அதைப் போட்டபோது ஓய்வுபெற்ற ஒரு அம்மாயி கடைசிவரை பொறுமையாகப் பார்த்தார். "பங்களாதான் காட்டுறான், லயத்துக்குள்ள ஒருக்காவும் வரலையே தம்பி" என்றார். பிரசன்ன விதானகேயின் 'பரடைஸ்' (2023) பார்த்தபோது எனக்கு அவருடைய ஞாபகம்தான் வந்தது. அதில் மலைநாடு மலைநாடாகவே இருக்கிறது, 2022 இன் பெற்றோல் வரிசையோடும் கோபத்தோடும்.

இத்தனையும் சொன்ன பிறகு, எங்கள் மண்டபத்தை அதிகம் உலுக்கிய படம் எது என்றால், அதுவும் ஒரு அமெரிக்கப் படம்தான். ஜோன் ஃபோர்டின் 'த கிரேப்ஸ் ஒஃப் ரோத்', 1940. ஒக்லஹோமாவில் நிலத்தை இழந்த ஒரு குடும்பம் பழைய லொறியில் சாமான் ஏற்றிக்கொண்டு கலிஃபோர்னியாவுக்குப் பழம் பறிக்கப் போகிறது. வேலை இருக்கிறது என்று நோட்டீஸ் அடித்துக் கூப்பிட்டவர்கள், ஆள் அதிகம் சேர்ந்ததும் கூலியைக் குறைக்கிறார்கள். பெட்டிக்கு ஐந்து சதம் என்றது பாதியாகப் போகிறது. கம்பனிக் கடையில்தான் சாமான் வாங்க வேண்டும், விலையும் கூட. நான் தமிழில் சொல்லவே தேவைப்படவில்லை, முன்னால் இருந்தவர்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். 'அங்க போனா மரத்துல காசு' என்று ஆசை காட்டிக் கப்பல் ஏற்றிக் கொண்டுவந்த தலைமுறையின் பேரப்பிள்ளைகள் இவர்கள். இந்த அமெரிக்கா எங்களுக்கு எந்த டிவியிலும் வந்ததில்லை. ஆதிக்கம் செய்கிற வியாபாரம் ஈரானையும் ஜப்பானையும் மட்டும் மறைக்கவில்லை, அமெரிக்காவின் நல்லதையும் மறைத்துவிட்டது. இது எனக்கு உண்மையாகவே கோபம் வருகிற விஷயம்.

எல்லாமே எடுபட்டது என்று சொல்லமாட்டேன். ஈரான் இயக்குநர் கியாரொஸ்தமியின் 'டேஸ்ட் ஒஃப் செரி' நடுவிலேயே பாதி மண்டபம் காலி. அவருடைய 'வெயார் இஸ் த ஃப்ரெண்ட்ஸ் ஹவுஸ்' (1987) அப்படி இல்லை. கூட்டாளியின் கொப்பியைத் தவறுதலாகக் கொண்டுவந்த பையன், அதைத் திருப்பிக் கொடுக்க மலையில் வளைந்து ஏறும் ஒற்றையடிப் பாதையில் ஓடுகிறான். அந்தப் பாதையைப் பார்த்ததும் 'நம்ம மேல் டிவிஷன்' என்று ஒரே சத்தம்.

சந்தா கட்டிப் பார்க்கும் ஒரு தளத்தையும் இரண்டு வருடம் வைத்திருந்தேன். வீட்டுக்கு நல்லது, மண்டபத்துக்குச் சரிவராது. எங்கள் சிக்னலுக்குப் படம் நின்று நின்று ஓடும். முன்பக்கத்தில் எப்போதும் அதே அமெரிக்கத் தொடர்கள்தான். இன்று இருக்கிற படம் அடுத்த மாதம் தேடினால் இருக்காது. தோட்டத்து நாள் சம்பளம் 1,000 ரூபாய் ஆனதே 2021 இல்தான், அந்தச் சந்தா எத்தனை நாள் பேர் (நாள் கூலி) என்று கணக்குப் பார்த்தால் யாருக்கும் பரிந்துரைக்க மனம் வரவில்லை. டிவிடியாக வாங்கி வைத்ததுதான் எனக்கு நிலைத்தது.

எனக்கு ஒரே ஒரு படம் போதும் என்றால், ஜப்பான் இயக்குநர் ஓஸுவின் 'டோக்கியோ ஸ்டோரி' (1953). வயதான அப்பாவும் அம்மாவும் பிள்ளைகளைப் பார்க்க டோக்கியோ வருகிறார்கள். பிள்ளைகளுக்கு நேரமில்லை. செத்துப்போன மகனின் மனைவி மட்டும் லீவு போட்டு அவர்களோடு சுற்றுகிறாள். அம்மா இறந்த பிறகு, அப்பா அந்த அம்மாவின் கடிகாரத்தை எடுத்து மருமகளிடம் கொடுக்கிறார். அவ்வளவுதான். எங்கள் லயத்தில் வீட்டுக்கு ஒருவர் கொழும்பில் கடையிலோ ஹோட்டலிலோ இருக்கிறார்கள், தீபாவளிக்கும் தைப்பொங்கலுக்கும் வருவார்கள். அந்தக் கடிகாரம் கைமாறும்போது நான் மைக்கைக் கீழே வைத்துவிட்டேன்.

விளக்கும் இப்போது பழசாகிவிட்டது. வெளிச்சம் கொஞ்சம் மங்கல், ஆனாலும் இன்னும் ஒரு வருடம் தாங்கும் என்று நினைக்கிறேன். போன கிழமை ஸ்டோருக்குப் போகும் வழியில் பக்கத்து லயத்து அத்தை நிறுத்திக் கேட்டார்: "அந்த ஜப்பான் கெழவி படத்த இன்னொருக்கா போடுறியா? எங்க பெரியவன் இந்தப் போயாவுக்கு வாறான்." போயா வியாழக்கிழமை. பெட்டியைத் திறந்து லென்ஸைத் துடைத்து வைத்திருக்கிறேன்.