வயிற்று ஊசியா, ஆஸ்பிரினா: எலும்பு ஆபரேஷனுக்குப் பிறகு எது?

அம்மாவுக்கு மூட்டு மாற்று ஆபரேஷன் முடிந்ததிலிருந்து ரத்தம் உறையாமலிருக்க தினமும் ஒரு எனாக்ஸாபரின் ஊசி. தொப்புளை விட்டுத் தள்ளி, தோலைக் கிள்ளிப் பிடித்துக் குத்த வேண்டும், குத்திய இடத்தைத் தேய்க்கவே கூடாது. பத்து நாளில் வயிறெல்லாம் கத்தரிப்பூ நிறத்தில் திட்டுத் திட்டாகக் கன்றிப்போய்விட்டது. அதே மாதம் பைக்கிலிருந்து விழுந்து, கால் எலும்பு உடைந்து பிளேட் வைத்துக்கொண்ட சித்தப்பாவுக்கோ வெறும் ஆஸ்பிரின். "அவருக்கு மாத்திரை, எனக்கு மட்டும் ஊசியா?" என்று அம்மா கேட்டதில்தான் இதையெல்லாம் படிக்க உட்கார்ந்தேன்.

இரண்டும் ஒரே ஆபத்தைத் தடுக்கத்தான். அசையாமல் கிடக்கும் காலின் சிரைகளில் ரத்தம் உறையும், அந்தக் கட்டி பிய்த்துக்கொண்டு நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே உலை. ஆஸ்பிரின், ரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதைத் தடுக்கிறது, எனாக்ஸாபரின் உறைதலுக்கான புரதங்களின் வேலையையே முடக்குகிறது. சிரையில் உறையும் கட்டியில் அந்தப் புரதங்களின் பங்குதான் பெரிது என்பதால், காகிதத்தில் பார்த்தால் ஊசிதான் ஜெயிக்க வேண்டும்.

ஆனால் எலும்பு முறிவில் அப்படி நடக்கவில்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் 21 மருத்துவமனைகளில் 12,211 பேரை வைத்து நடந்து 2023-இல் வெளியான 'பிரிவென்ட் க்ளாட்' ஆய்வில், 90 நாளுக்குள் இறந்தவர்கள் ஆஸ்பிரின் பக்கம் 0.78 சதவீதம், ஊசி பக்கம் 0.73. நுரையீரல் அடைப்பு இரண்டு பக்கமும் 1.49. காலில் உறைந்த கட்டி மட்டும் ஆஸ்பிரினில் கொஞ்சம் கூடுதல், 2.51-க்கு 1.71. ஒரு நாளைக்கு இரண்டு முறை 81 மில்லிகிராம், அவ்வளவுதான் மருந்து. சித்தப்பாவின் டாக்டர் சும்மா எழுதிக் கொடுக்கவில்லை.

சரி, அப்படியானால் அம்மாவுக்கும் மாத்திரையே போதாதா? இங்கேதான் கதை மாறுகிறது. இடுப்பு, முழங்கால் மாற்று செய்துகொண்டவர்களிடம் ஆஸ்திரேலியாவின் 31 மருத்துவமனைகளில் நடத்தி 2022-இல் வெளியிட்ட 'கிரிஸ்டல்' ஆய்வில், அறிகுறியோடு வந்த ரத்தக்கட்டி ஆஸ்பிரினில் 3.45 சதவீதம், எனாக்ஸாபரினில் 1.82. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. கூடுதலாக வந்தவற்றில் பெரும்பாலானவை முழங்காலுக்குக் கீழே வந்த கட்டிகள், அவை அவ்வளவு மோசமில்லை என்று ஆஸ்பிரின் கட்சிக்காரர்கள் வாதாடுவார்கள். அதில் நியாயம் இருக்கிறது, ஆனாலும் முதல் நாளிலிருந்தே ஆஸ்பிரினை மட்டும் நம்ப எனக்கு மனம் வரவில்லை.

எனக்குப் பிடித்தது நடுவழி. கனடாவில் இடுப்பு, முழங்கால் மாற்று செய்துகொண்ட 3,424 பேரிடம் பார்த்த, 2018-இல் வெளியான ஆய்வு: எல்லோருக்கும் முதல் 5 நாள் ரிவராக்ஸபான் மாத்திரை (இதுவும் உறைதல் புரதத்தை முடக்குவதுதான்), அப்புறம் பாதிப் பேர் அதையே தொடர, மீதிப் பேர் ஆஸ்பிரினுக்கு மாறினார்கள் (முழங்காலுக்கு இன்னும் 9 நாள், இடுப்புக்கு 30 நாள்). ரத்தக்கட்டி, அதையே தொடர்ந்தவர்களில் 0.70 சதவீதம், ஆஸ்பிரினுக்கு மாறியவர்களில் 0.64, அதாவது வித்தியாசமே இல்லை. ஊசியும் கிடையாது, பிற்பாதிக்கு ஆகும் செலவு ஒரு டீ காசு.

ஆளைப் பார்க்காமல் இதை எடுத்துக்கொள்ள முடியாது. ஏற்கனவே காலில் கட்டி வந்தவர், புற்றுநோய் உள்ளவர் என்றால் ஆஸ்பிரினை மட்டும் நம்பி இருப்பது சூதாட்டம். குடல்புண் உள்ளவருக்கு ஆஸ்பிரினே வம்பு. சிறுநீரகம் ரொம்பப் பழுதானவருக்கு எனாக்ஸாபரின் உடம்பில் தேங்கும், அளவைக் குறைக்க வேண்டும்.

அடுத்த செக்கப்பில் இந்த நடுவழியைப் பற்றிக் கேட்டேன். "அடுத்த முழங்காலுக்குப் பார்க்கலாம்" என்றார் டாக்டர். அம்மா முறைத்த முறைப்பு டாக்டருக்கா எனக்கா தெரியவில்லை. காலண்டரில் இன்னும் நாலு ஊசி பாக்கி.